நடுவில் நிற்கும் சர்வர் யாருடையது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொலைவில் இருந்தபடியே இன்னொரு கணினியை இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப் மென்பொருள்கள் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். செலவு கூடாது என்றால் ஓப்பன் சோர்ஸ் (மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் திறமூல மென்பொருள்), நம்பகம் வேண்டும் என்றால் பணம் கட்டி வாங்குவது என்று இரண்டு வரியில் முடித்திருக்கிறார்கள். சின்ன அலுவலகங்களின் கணினிகளைப் பல வருடங்களாகத் தூரத்தில் இருந்தே பார்த்துக்கொள்பவன் என்ற முறையில், அந்த இரண்டு வரியை நம்பி யாராவது முடிவெடுத்துவிடக் கூடாதே என்ற கவலையில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் இந்த இணைப்பு எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டும். உங்கள் கணினியும் சரி, நீங்கள் போய்ச் சேர வேண்டிய கணினியும் சரி, பெரும்பாலும் ஒரு ரவுட்டருக்குப் பின்னால் இருக்கின்றன. வெளியில் இருந்து யாரும் அவற்றை நேரடியாகத் தொட முடியாது. அதனால் இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு சர்வர் வேண்டியிருக்கிறது. திரையில் தெரியும் அந்த அடையாள எண்ணை வைத்து இரண்டு கணினிகளையும் ஒன்றுக்கொன்று அறிமுகப்படுத்துவது அதுதான். நேரடி இணைப்பு அமையாவிட்டால் போக வர உள்ள தகவல் மொத்தத்தையும் தன் வழியாகவே கடத்துவதும் அதுதான். விலை, வேகம் எல்லாம் அப்புறம். அந்த நடு சர்வர் யாருடையது என்பதுதான் முதல் கேள்வி. டீம்வியூவர், எனிடெஸ்க் போன்ற வணிக மென்பொருள்களில் அது சாதாரணமாக அந்த நிறுவனத்தினுடையது. ரஸ்ட்டெஸ்க், மெஷ்சென்ட்ரல் போன்ற திறமூல மென்பொருள்களில் அதை நீங்களே சொந்தமாக நிறுவிக்கொள்ளலாம். ரஸ்ட்டெஸ்க்கை இறக்கி அப்படியே பயன்படுத்தினால் அது பொதுவான சர்வர் வழியாகத்தான் போகும், உங்கள் சர்வரின் முகவரியையும் அதை அடையாளம் காட்டும் சாவியையும் (கீ) அமைப்பில் கொடுத்தால்தான் அது உங்களுடையது. ஓப்பன் சோர்ஸ் போட்டாயிற்று, இனி எல்லாம் நம் கையில் என்று நினைத்திருந்த பலர் இந்த ஒரு வேலையைச் செய்யாமலே விட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

பணம் கட்டினால் நம்பகம் வந்துவிடும் என்ற பேச்சுக்கு வருகிறேன். 2024 பிப்ரவரியில் எனிடெஸ்க் நிறுவனம் தன் சர்வர்களுக்குள் யாரோ புகுந்துவிட்டதாகத் தானே அறிவித்தது. மென்பொருள் தன்னுடையதுதான் என்று காட்ட அதில் கையொப்பமிடும் டிஜிட்டல் சான்றிதழை மாற்றியது, வாடிக்கையாளர் இணையதளத்தின் பாஸ்வேர்ட்களை எல்லாம் ரத்து செய்தது. அதே வருடம் ஜூன் மாதம் டீம்வியூவர் தன் அலுவலக நெட்வொர்க்கில் ஊடுருவல் நடந்ததாகச் சொன்னது. வாடிக்கையாளர்களின் இணைப்புகள் நடக்கும் பகுதி தனியாகப் பிரிக்கப்பட்டிருப்பதால் அது பாதிக்கப்படவில்லை என்றும் சொன்னது. இரண்டு நிறுவனங்களும் வெளிப்படையாகச் சொன்னதை நான் மதிக்கிறேன். ஆனாலும் ஒரே இடத்தில் அத்தனை பேருடைய வாசலும் இருந்தால் திருடன் முதலில் எங்கே வருவான் என்று யோசிக்க வேண்டும்.

இன்னொன்று, நிறுவனம் நினைத்தால் விதியை மாற்றலாம். 2014 ஜனவரியில் லாக்மீஇன் என்ற இதே மாதிரி நிறுவனம் தன் இலவசச் சேவையை நிறுத்தியபோது, அடுத்து லாகின் செய்த நாளில் இருந்து 7 நாள்தான் அவகாசம் என்றார்கள். எனக்கும் ஒரு தடவை இப்படி நடந்தது, வேறொரு மென்பொருளில். உறவினர் ஒருவரின் கணினியைச் சரிசெய்துகொண்டிருந்தேன், பாதி வேலையில், நீங்கள் இதைத் தொழிலுக்குப் பயன்படுத்துவதாகச் சந்தேகிக்கிறோம் என்ற செய்தியோடு இணைப்பு அறுந்துபோனது. அது தொழில் இல்லை, குடும்ப உதவி என்று படிவம் எழுதி அனுப்பிவிட்டுப் பல நாள் காத்திருந்தேன். அன்றைக்குத்தான் சொந்தமாக சர்வர் போட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

திறமூலத்தில் இந்த ஆபத்து ஏன் குறைவு என்பதற்கு விஎன்சி என்ற பழைய ரிமோட் டெஸ்க்டாப் மென்பொருளின் கதையே போதும். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருந்த ஓர் ஆய்வகத்தில் உருவானது அது. 2002இல் அந்த ஆய்வகத்தையே மூடிவிட்டார்கள். மூல நிரல் ஜிபிஎல் உரிமத்தில் (யாரும் எடுத்து மாற்றி வெளியிடலாம் என்ற திறமூல உரிமம்) ஏற்கெனவே வெளியில் இருந்ததால் விஎன்சி சாகவில்லை. டைட்விஎன்சி, அல்ட்ராவிஎன்சி, டைகர்விஎன்சி என்று கிளைகள் விட்டு இன்றுவரை ஓடுகிறது. உருவாக்கியவர்களில் சிலர் ரியல்விஎன்சி என்று வணிக நிறுவனமும் தொடங்கினார்கள்.

ஆனால் அதே விஎன்சிதான் எனக்கு மறுபக்கத்தையும் கற்றுக்கொடுத்தது. பழைய விஎன்சி முறையில் பாஸ்வேர்டின் முதல் 8 எழுத்துகள்தான் கணக்கில் வரும், நீங்கள் 20 எழுத்து போட்டாலும் மீதியை அது பார்க்கவே பார்க்காது. உள்ளே நுழைந்த பிறகு திரையில் ஓடுவது எதுவும் மறையாக்கம் (நடுவில் பிறர் படிக்க முடியாதபடி மாற்றுவது) செய்யப்படுவதும் இல்லை. அதை அப்படியே 5900 போர்ட்டில் (கணினிக்குள் வரும் எண்ணிட்ட வாசல்களில் ஒன்று) இணையத்துக்குத் திறந்து வைப்பதைவிட ஆபத்தான காரியம் வேறு இல்லை. 2019 நவம்பரில் காஸ்பர்ஸ்கி என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் நான்கு திறமூல விஎன்சி மென்பொருள்களில் 37 ஓட்டைகளைக் கண்டுபிடித்தார்கள். சில ஓட்டைகள் பல வருடங்களாக அங்கேயே இருந்தவை. நிரல் எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்கிறது, அதனால் யாராவது பார்த்திருப்பார்கள் என்று எல்லோரும் நினைத்தால் கடைசியில் ஒருவரும் பார்த்திருக்க மாட்டார்கள். அந்த நான்கில் ஒன்றான டைட்விஎன்சியின் பழைய 1.எக்ஸ் வரிசையைத் திருத்தப் போவதில்லை, அதற்கான ஆதரவு முடிந்துவிட்டது என்று அதை உருவாக்கியவர்களே சொல்லிவிட்டார்கள்.

என் சர்வரும் ஒரு தடவை விழுந்தது. பதிவுக் கோப்புகள் நிரம்பி டிஸ்க்கில் இடம் இல்லாமல் போய், ஒரு விடுமுறை நாள் காலையில் மூன்று அலுவலகங்கள் என்னைத் தொடர்புகொள்ள முடியாமல் தவித்தன. பணம் கட்டி வாங்கியிருந்தால் அதைப் பார்க்க வேறு யாராவது இருந்திருப்பார்கள். சொந்த சர்வர் என்றால் அப்டேட் போடுவது, பேக்கப் எடுப்பது, யார் எப்போது நுழைந்தார் என்ற பதிவைப் பார்ப்பது எல்லாம் நம் தலையில்தான். உரிமம் இலவசம், இந்த உழைப்பு இலவசம் இல்லை. அதுவும் ஒரே ஆளுக்குத்தான் எல்லாம் தெரியும் என்றால், அவர் ஊரில் இல்லாத நாளில் அலுவலகமே நிற்கும்.

வணிக மென்பொருள்கள் நிஜமாகவே நன்றாகச் செய்யும் வேலைகளையும் சொல்லிவிடுகிறேன். கணினி பழக்கமில்லாத ஒருவருக்கு போனில் சொல்லிக்கொடுத்தே இணைக்க முடிகிறது. ஊழியர்களுக்கு யார் எந்தக் கணினிக்குள் போகலாம் என்று ஒரே இடத்தில் வரையறுக்கலாம். ரஸ்ட்டெஸ்க்கில் இந்த மாதிரி நிர்வாக வசதிகள் கட்டண சர்வரில்தான் வருகின்றன, அதையும் தெரிந்துகொண்டே இறங்க வேண்டும். லினக்ஸில் வேலாண்ட் திரை அமைப்பு இருந்தால் சில திறமூலக் கருவிகள் இன்னும் தடுமாறுகின்றன.

மூன்றாவது வழியைக் கட்டுரை சொல்லவே இல்லை. எல்லாக் கணினியும் விண்டோஸ் புரோ என்றால் ஆர்டிபி என்ற மைக்ரோசாஃப்டின் ரிமோட் டெஸ்க்டாப் வசதி அதிலேயே இருக்கிறது (ஹோம் பதிப்பில் வெளியில் இருந்து உள்ளே வர முடியாது). அதன் 3389 போர்ட்டை மட்டும் இணையத்துக்குத் திறக்கவே கூடாது. 2019இல் ஆர்டிபியில் புளூகீப் என்ற ஓட்டை வெளிவந்தபோது, ஆதரவு முடிந்துபோன விண்டோஸ் எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாஃப்ட் பேட்ச் (ஓட்டையை அடைக்கும் திருத்தம்) கொடுத்தது, அவ்வளவு பயம். ஒரு விபிஎன் (இணையத்துக்குள் நமக்கு மட்டுமான பாதுகாப்பான தனிப்பாதை) போட்டு அதற்குள் மட்டும் ஆர்டிபியை வைத்தால் சின்ன அலுவலகத்துக்கு அதுவே தாராளம். பிரவுசரிலேயே வேலை நடக்க வேண்டும் என்றால் அப்பாச்சி குவாகமோலி இருக்கிறது, திறமூலம்தான், ஆர்டிபி, விஎன்சி இரண்டையும் பேசும்.

போன மாதம் இரண்டு அலுவலகங்கள் என்னிடம் இதே கேள்வியோடு வந்தன. முதல் இடத்தில் சர்வரைக் கவனிக்கத் தெரிந்தவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள், அங்கே ரஸ்ட்டெஸ்க்கைச் சொந்த சர்வரில் போட்டுக் கொடுத்தேன். இரண்டாவது இடத்தில் அப்படி ஒருவரும் இல்லை, என்னை மட்டும் நம்பி இருப்பதாகச் சொன்னார்கள். அவர்களிடம் சந்தா கட்டி வணிக மென்பொருளையே வாங்கச் சொன்னேன், இரட்டைச் சரிபார்ப்பை (பாஸ்வேர்டோடு இன்னொரு குறியீட்டையும் கேட்பது) அன்றைக்கே உட்கார்ந்து எல்லோருக்கும் இயக்கிவிட்டுத்தான் வந்தேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்