ட்ராப்பைக் கழற்றுகிற கை எங்களுடையது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் வீட்டுக் குறிப்புகள் பக்கத்தில், 'பாத்ரூம் அடைப்புக்கு ஆசிட் ஊற்றி அரை மணி நேரம் விடுங்கள். போகவில்லையென்றால் பிளீச்சிங் பவுடரைத் தூவிக் கொதிக்கும் தண்ணீரை ஊற்றுங்கள். பிளம்பருக்குத் தண்டம் அழ வேண்டாம்' என்று போட்டிருந்தீர்கள். கடைசி வரியை வாசித்துவிட்டு என் மனைவி என் முகத்தைப் பார்த்தாள். மதுரையில் 28 வருடமாக இந்த வேலையைத்தான் செய்கிறேன். தங்கள் இதழை அதற்கும் முன்பிருந்தே வாங்குகிறேன்.

ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. அது காற்றைவிடக் கனமானது, தரையோடு படிந்து நிற்கும். அடைப்பு போனதா என்று குனிந்து பார்க்கிறவரின் மூக்குக்கு நேரே நிற்கும். நம் வீட்டு பாத்ரூம்கள் எவ்வளவு சின்னவை, கொசுவுக்குப் பயந்து வென்டிலேட்டரையும் எத்தனை பேர் அடைத்து வைத்திருக்கிறார்கள் என்பதும் தாங்கள் அறிந்ததே. டாய்லெட் கழுவுகிற பாட்டிலில் இருப்பதும் பெரும்பாலும் ஆசிட்தான். அதன்மேல் பிளீச்சிங் போட்டாலும் இதே கதிதான்.

என் மனதை அறுப்பது வேறொன்று. இவற்றை ஊற்றியவர்கள், ஊற்றினோம் என்று எங்களிடம் சொல்வதில்லை. மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு வீட்டில் சிங்க் அடைப்பு. "ஏதாவது ஊத்துனீங்களாம்மா?" என்று கேட்டேன். "ஒண்ணும் ஊத்தலையேப்பா" என்றார். சிங்குக்கு அடியில் பாட்டில் வடிவில் மாட்டியிருக்கிற ட்ராப்பைக் கழற்றினேன். தேங்கி நின்ற தண்ணீர் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வழிந்தது. முதலில் சோப்புத் தண்ணீர் போல வழவழவென்றுதான் இருந்தது. எரிச்சல் பிறகுதான் வந்தது. அடைப்பு எடுக்கப் போடுகிற பவுடரில் இருக்கும் காஸ்டிக் சோடா. குழாயைத் திறந்துவிட்டு 20 நிமிடம் கையைக் காட்டிக்கொண்டு நின்றேன். அப்போதுதான் அந்த அம்மா, "காலையில ஒரு பாக்கெட் பவுடர் போட்டோம், அது கேக்கலைன்னுதான் உன்னைக் கூப்பிட்டோம்" என்றார். தழும்பு இன்னும் இருக்கிறது. அன்றைக்குக் கேட்ட கூலியிலும் 50 ரூபாய் குறைத்துத்தான் கொடுத்தார்கள்.

அந்த ட்ராப்புக்குள் இருந்தது பாத்திரம் தேய்த்த தேங்காய் நார், டீத்தூள், குழம்பு எண்ணெய் உறைந்த கட்டி. பவுடர் போட்டும் நார் நாராகவே கிடந்தது. கீழே ஒரு வாளியை வைத்துக் கையால் திருகினாலே ட்ராப் கழன்றுவிடும். கழுவி, வாஷரைச் சரியாக உட்கார வைத்து மாட்டினால் வேலை முடிந்தது. பாத்ரூமில் தண்ணீர் போகிற துளையை மூடியிருக்கும் ஜாலியைத் தூக்கிவிட்டு, முனை வளைத்த கம்பியால் முடியை இழுத்தாலே பெரும்பாலான அடைப்பு போய்விடும். வாஷ்பேசினில் ரப்பர் பம்பு போடுவதானால் மேலே இருக்கிற துளையை ஈரத்துணியால் அடைக்க வேண்டும், இல்லையென்றால் காற்று அந்த வழியே ஓடிவிடும். கொதிக்கிற தண்ணீர் கூடவே கூடாது. பிவிசி பைப் சூட்டில் இளகி ஜாயிண்டில் ஒழுக ஆரம்பிக்கும். இதையெல்லாம் தாங்கள் எழுதினால் எனக்கு வேலை குறையும். குறையட்டும்.

போன வருடம் ஆப்ப சோடாவும் வினிகரும் ஊற்றச் சொன்னீர்கள். நுரை பொங்கும். ஒன்றை ஒன்று முறித்துவிட்டால் பிறகு அதில் சத்து ஏது? யாருக்கும் ஆபத்தில்லை என்பதால் அப்போது நான் எழுதவில்லை.

அடைப்பு எடுக்கிறவன் என்றால் செப்டிக் டேங்கிலும் இறங்குவான் என்றே நினைக்கிறார்கள். பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவது கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்த 2013-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உள்ளே இருக்கிற வாயு அழுகிய முட்டை போல நாறும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் அந்த நாற்றமே தெரியாது. ஒரு குடியிருப்பின் செயலாளர், "அஞ்சு அடிதானேப்பா, இறங்கிட்டு ஏறிடலாம்" என்றார். மறுத்துவிட்டேன். அதன்பிறகு அங்கே ஒரு குழாய் மாட்டக்கூட என்னைக் கூப்பிடவில்லை. இப்படி இறங்கி இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதைப் பற்றித் தங்கள் இதழ் விரிவாக எழுதும் என்று வாரா வாரம் பார்த்தேன். என் கண்ணில் படவில்லை. நானே ஒரு கடிதம் போட்டேன். அதில் பாதியை வெட்டிப் போட்டிருந்தீர்கள்.

'தண்டம்' என்று எழுதியதற்கு வருத்தம் தெரிவிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. அடுத்த இதழில், அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் இரண்டே வரி போடுங்கள். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள் என்று ஒரு வரி. குழாய்க்குள் எதை ஊற்றியிருந்தாலும், வேலைக்கு வருகிறவர் ட்ராப்பில் கை வைக்கும் முன்பே சொல்லிவிடுங்கள் என்று ஒரு வரி. இடம் போதாமல் இந்தக் கடிதத்தை வெட்ட நேர்ந்தால், அந்த இரண்டாவது வரியை மட்டும் வெட்டாதீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஒரு பிளம்பர், மதுரை.