கூடப் பாடவா, கேட்கவா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சிறிய இசைக் கூடுகைகள் ஏன் சில மாதங்களிலேயே நின்றுபோகின்றன என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கூட்டம் சேர வேண்டுமானால் எல்லோருக்கும் தெரிந்த பாடல்களையும் இடையிடையே பாடலாம் என்று கட்டுரையாளர் யோசனை சொல்கிறார். தாமே எழுதி மெட்டமைத்துப் பாடுகிறவர்களுக்காக மாதம் ஒரு மாலை, மைக் இல்லாமல், ஆறு ஆண்டுகளாக நடத்திவருகிறேன். அந்த யோசனையைச் செய்து பார்த்துக் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் நாங்கள்.

தொடங்கிய நான்காவது மாதமோ ஐந்தாவது மாதமோ, கூட்டம் மெலிந்திருந்தது. ஒருவர் தம் பாட்டை முடித்த கையோடு, ஊரறிந்த பழைய பாட்டு ஒன்றை எடுத்தார். அறையே கூடப் பாடியது; கைதட்டல் ஓயவில்லை. நானும் தட்டினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அடுத்து வந்த பெண், தாம் எழுதிய பாட்டை முதன்முதலாகப் பிறர் முன் பாடினார். முதல் சரணம் முடிவதற்குள் பின்வரிசையில் பேச்சு தொடங்கிவிட்டது. பாட்டில் ஒரு குறையும் இல்லை. கூடப் பாடிச் சூடேறிய அறையை அன்று மாலை மறுபடி கேட்க வைக்க முடியவில்லை, அவ்வளவுதான். அவர் பிறகு வரவில்லை. அடுத்த மாதம் முதல் சொந்தப் பாட்டு மட்டும், ஆளுக்கு இரண்டு என்று ஆக்கினோம்.

ஆனால் விதி போட்டால் மட்டும் காது திறந்துவிடுமா? உட்காரும் முறையையும் மாற்ற வேண்டியிருந்தது. அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் 1982-இல் தொடங்கிய புளூபேர்ட் கஃபே, நூறு பேர்கூட வசதியாக உட்கார முடியாத இடம். பாட்டெழுதுகிறவர்கள் அறையின் நடுவில் வட்டமாக அமர்ந்து முறை வைத்துப் பாடும் வழக்கத்துக்கும், பாடும்போது பேசாதீர்கள் என்று கேட்டுக்கொள்வதற்கும் அது பேர்போனது. வட்டத்தை அங்கிருந்துதான் எடுத்துக்கொண்டோம். வட்டத்தில் பின்வரிசை என்ற ஒன்று இல்லை. தம் முறைக்காகக் காத்திருப்பவர் எல்லோர் கண்ணுக்கும் முன்னால் இருப்பதால், செல்பேசியை நோண்டவும் கூச்சப்படுகிறார். மைக் இல்லாத இடத்தில் இதில் இன்னொரு லாபமும் உண்டு. திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் ஒலி 6 டெசிபல் குறையும். அறைக்குள் சுவர்கள் கொஞ்சம் திருப்பித் தந்தாலும், மென்மையாகப் பாடுகிறவருக்குக் கடைசி நாற்காலி எட்டாத தூரம்தான்; வட்டத்தில் அந்தத் தூரம் குறைகிறது.

மாலையில் காலி அறையில் பாடிப் பார்த்து, ‘கணீரென்று இருக்கிறதே’ என்று மகிழ்கிறவர்கள் ஆட்கள் வந்ததும் ஏமாந்துபோகிறார்கள். 1895-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில், பேசிய சொல் ஐந்து நொடிக்கும் மேல் முழங்கிக்கொண்டிருந்த ஒரு விரிவுரைக் கூடத்தைச் சரிசெய்யும் வேலை சாபின் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் வந்தது. அவர் இரவு நேரங்களில் இருக்கை மெத்தைகளைச் சுமந்து வந்து அடுக்கி, முழக்கம் எவ்வளவு குறைகிறது என்று அளந்தார். மெத்தை செய்கிற வேலையை மனித உடலும் உடையும் செய்கின்றன. ஆகவே ஒத்திகையில் அறை கொஞ்சம் அதிகமாகவே முழங்கினால் நான் கவலைப்படுவதில்லை.

சுருதி சேர்ப்பதுதான் பொறுமையைச் சோதிக்கும். குளிரிலிருந்து வந்த கிட்டாரின் கம்பிகள் ஆட்கள் நிறைந்த அறையின் வெப்பத்தில் தளரும். ஆளுக்கு இரண்டு நிமிடம் என்றாலும் பத்துப் பேருக்கு இருபது நிமிடம் போய்விடும்! கருவிகளை முன்கூட்டியே அறைக்குள் கொண்டுவந்து உறையைத் திறந்து வைக்கச் சொல்கிறோம். கிட்டாரின் தலையில் கவ்வும் சுருதிமானி காற்றில் வரும் சத்தத்தைவிட மரத்தின் அதிர்வையே உணர்வதால், முந்தியவருக்கு விழும் கைதட்டலுக்குள்ளேயே வேலை முடிந்துவிடுகிறது.

சொந்தப் பாட்டு என்றால் உரிமத் தொல்லையே இல்லை என்று கட்டுரையில் போகிற போக்கில் ஒரு வரி வருகிறது. அதை நம்பி யாரும் இறங்கிவிட வேண்டாம். பல நாடுகளில், பாட்டெழுதுகிறவர்கள் சார்பில் உரிமத் தொகை வசூலிக்கும் உரிமைச் சங்கத்தில் உறுப்பினரானவர் தம் பாட்டைப் பொதுவில் பாடுவதற்கான உரிமையைச் சங்கத்திடம் ஒப்படைத்திருப்பார். அவரே பாடினாலும் இடத்துக்கு உரிமம் தேவைப்படலாம். முன்பே கேட்டுவிடுவது நல்லது.

கூட்டத்தைப் பற்றிக் கேட்டால், எங்களிடம் இருப்பவை முப்பது நாற்காலிகள். சில மாதங்களில் பத்து காலியாக இருக்கும். முதல் பாட்டுக்கு முன் அவற்றை எடுத்துச் சுவரோரம் அடுக்கிவிட்டு, வட்டத்தைச் சுருக்கிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்