அவன் பெயர் பிராங்கன்ஸ்டைன் இல்லை

பள்ளிகளுக்கு இடையேயான வினாடி வினாப் போட்டியை நடத்தும் குழுவினருக்கு,

வணக்கம். மூன்றாவது சுற்றின் நான்காம் கேள்வியைப் பற்றித்தான் எழுதுகிறேன். அன்று மேடைக்குப் பக்கத்தில் வந்து உங்களிடம் பேசிய பள்ளி நூலகர் நான்தான். "நேரமாச்சு சார், எழுதிக் கொடுங்க, பார்க்கிறோம்" என்றீர்கள். அன்றே எழுதிக் கொடுத்தேன். ஐந்து வாரமாகியும் பதில் இல்லாததால் இதை எல்லோரும் படிக்கும்படி எழுத வேண்டியிருக்கிறது.

திரையில் காட்டிய படம் உங்களுக்கு நினைவிருக்கும். தட்டையான மண்டை, பாதி மூடிய இமைகள், கழுத்தின் இரண்டு பக்கமும் துருத்திய ஆணி. "இந்த அரக்கனின் பெயர் என்ன?" என்று கேட்டீர்கள். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் எங்கள் மாணவி எழுந்து, "இவனுக்குப் பெயர் கிடையாது சார். பிராங்கன்ஸ்டைன் என்பது இவனை உண்டாக்கியவருடைய பெயர்" என்றாள். தவறு என்று மணி அடித்தீர்கள். அடுத்த அணி "பிராங்கன்ஸ்டைன்" என்றது, பத்து மதிப்பெண் அங்கே போனது. அவள் உட்காராமல் மைக்கைப் பிடித்தபடியே நின்றாள். ஒருவர் வந்து மைக்கை வாங்கிக்கொண்டு போனார்.

அந்தப் பத்து மதிப்பெண்ணை அவளுக்குக் கொடுங்கள். என் கோரிக்கை அவ்வளவுதான். கோப்பை யாரிடம் இருக்கிறதோ அவர்களிடமே இருக்கட்டும்.

அவள் எங்கேயோ கேட்டதை ஒப்பிக்கவில்லை. மேரி ஷெல்லி எழுதிய 'பிராங்கன்ஸ்டைன்' நாவலைச் சனிக்கிழமை மாலைகளில் ஏழெட்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, பத்தி பத்தியாகத் தமிழில் சொல்லிச் சொல்லி மூன்று மாதம் படித்தோம். அதில் ஓர் இடம் வரும். படைத்தவனே பார்த்துப் பயந்து கைவிட்டுப்போன அந்த ஜீவன், ஒரு குடிசையின் பக்கத்துக் கொட்டிலில் ஒளிந்துகொண்டு, சுவரின் இடுக்கு வழியாக உள்ளே இருக்கும் குடும்பத்தைப் பார்க்கிறது. அவர்கள் பேசுவதைக் கேட்டே பேச்சைக் கற்றுக்கொள்கிறது. முதலில் பிடிபடும் சொற்கள் நெருப்பு, பால், ரொட்டி, விறகு. அப்புறம்தான் அந்த வீட்டு மனிதர்களின் பெயர்கள். அந்த இளைஞனை ஃபீலிக்ஸ் என்கிறார்கள், அண்ணன் என்கிறார்கள், மகன் என்கிறார்கள். ஒரே ஆளுக்கு எத்தனை பெயர் என்று அது கவனிக்கிறது. அந்த வாரம் அவள் நோட்டில் எழுதி வைத்திருந்தது: "இவனை யாரும் எப்படியும் கூப்பிடவில்லை." இப்படிப் படித்தவளுக்குத்தான் மணி அடித்தீர்கள்.

"சினிமாவில் அப்படித்தானே சொல்கிறார்கள்" என்றும் அன்று ஒருவர் சொன்னார். சரி, சினிமாவுக்கே வருவோம். நீங்கள் காட்டியது ஜேம்ஸ் வேல் 1931இல் எடுத்த படத்தில் வரும் போரிஸ் கார்லாஃபின் முகம். ஜாக் பியர்ஸ் என்ற ஒப்பனைக் கலைஞர் உருவாக்கியது. நாவலில் இருப்பவனுக்குக் கழுத்தில் ஆணி கிடையாது. மஞ்சள் தோல், நீண்ட கருங்கூந்தல், வெண்மையான பற்கள், எட்டடி உயரம். அந்தப் படத்தின் தொடக்கத்தில் நடிகர் பட்டியல் வரும்போது, அரக்கனாக நடித்தவரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கேள்விக்குறிதான் இருக்கிறது. அதற்கும் முன்னால், 1823இல் லண்டனில் இந்தக் கதை நாடகமானபோது பாத்திரப் பட்டியலில் அவனுக்கு நேரே வெறும் கோடு போட்டிருந்தார்கள். நாடகத்தை நேரில் போய்ப் பார்த்த மேரி ஷெல்லிக்கு அது பிடித்திருந்தது. தானே எழுதியிருக்கிறார்.

ஒரு கதை இருநூறு ஆண்டு ஊர் ஊராக நடந்தால் முகம் மாறும், பெயரும் ஒட்டிக்கொள்ளும். அதில் எனக்குக் குறையில்லை. கார்லாஃபின் முகம் இல்லையென்றால் எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் அந்தப் புத்தகத்தைத் தொட்டிருக்கவே மாட்டார்கள். ஆனால் மூலத்தைப் படித்துவிட்டு வந்து சொல்பவளைத் தவறு என்று சொல்ல ஒரு போட்டிக்கு என்ன உரிமை இருக்கிறது?

டிராகுலா கேள்வியும் இப்படித்தான். சூரிய ஒளி பட்டால் செத்துவிடுவான் என்பதைச் சரியான விடையாக வைத்திருந்தீர்கள். பிராம் ஸ்டோக்கரின் 1897 நாவலில் அவன் பட்டப்பகலில் லண்டன் தெருவில் நிற்கிறான், கடைசியில் கத்திக்குத்தான் பலியாகிறான். வெயிலில் கரைந்துபோவது 1922இல் வந்த ஜெர்மன் ஊமைப்படத்திலிருந்து பரவியது. கேள்வி தயாரிப்பவர் ஒரு தடவையாவது புத்தகத்தைத் திறந்து பார்த்திருக்க வேண்டாமா? இருபது பள்ளிகளைக் கூப்பிட்டு, வெயிலில் வரிசையில் நிற்க வைத்து, நான்கு மணி நேரம் காத்திருக்கச் சொல்லத் தெரிகிறது. விடையைச் சரிபார்க்க மட்டும் நேரமில்லையா?

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்க வேண்டும். டிராகுலா கேள்விக்கு நான் எதுவும் கேட்கவில்லை.

மேரி இந்தக் கதையை எழுதத் தொடங்கியது 1816இல், ஜெனீவா ஏரிக்கரையில். அப்போது வயது 18, உங்கள் மேடையில் நின்றவளைவிட நான்கு வயதுதான் கூட. 1818இல் புத்தகம் வந்தபோது அட்டையில் அவர் பெயரே இல்லை. இதையும் அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தான் படித்தோம்.

தயவுசெய்து அந்தப் பத்து மதிப்பெண்ணைப் பதிவேட்டில் அவள் அணிக்குச் சேர்த்துவிட்டு, அவளுடைய விடை சரி என்று ஒரே ஒரு வரி எழுதி, உங்கள் முத்திரையோடு பள்ளி முகவரிக்கு அனுப்புங்கள். உறையின் மேல் அவள் பெயரை எழுதுங்கள். பள்ளிப் பெயர் மட்டும் போதாது.

இப்படிக்கு,
மூன்றாவது சுற்றில் உங்களிடம் வந்து பேசிய நூலகர்