பெட்டியைத் திறந்தால்தான் எச்சரிக்கை. திறந்துவிட்டால் திருப்பி வாங்க மாட்டார்களாம்

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்

அனுப்புநர்:
மதுரையிலிருந்து உங்கள் வாடிக்கையாளர் (பெயர், விலாசம், கைபேசி எண் பில்லில் உள்ளபடி)

பொருள்: வீட்டில் பயன்படுத்தும் 'லேசர்' முடி நீக்கும் கருவியால் கைகளில் ஏற்பட்ட தீக்காயத் தழும்பு, பணத்தைத் திருப்பித் தரவும், மருத்துவச் செலவு தரவும், விளம்பரத்தைத் திருத்தவும் கோருவது.

ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் இணையதளத்தில் 11,499 ரூபாய் கொடுத்து நான் வாங்கிய கருவியைப் பற்றி உங்கள் வாடிக்கையாளர் சேவையிடம் போனிலும் சாட்டிலும் பலமுறை சொல்லியாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் ஒரு டிக்கெட் எண் தருகிறார்கள், சில நாளில் 'தீர்க்கப்பட்டது' என்று அவர்களே மூடிவிடுகிறார்கள். அதனால்தான் எழுத்தில் தருகிறேன்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே கரப்பான் என்ற தோல் நோய்த் தொந்தரவு உண்டு. சோப்பை மாற்றினால்கூடத் தோல் சிவந்துவிடும். பார்லரில் வாக்ஸிங் செய்தால் மறுநாள் கை முழுக்கச் சின்னச் சின்னக் கொப்புளம், அப்புறம் உள்ளேயே சுருண்டு வளரும் முடி. முடி நீக்கும் கிரீம் கிட்டவே வரக்கூடாது. இதையெல்லாம் வாங்குவதற்கு முன்பே உங்கள் சாட்டில் எழுதிக் கேட்டேன். என் கையைப் படம் எடுத்தும் அனுப்பினேன். வந்த பதில்: "எல்லா இந்தியன் ஸ்கின் டைப்புக்கும் 100% சேஃப் மேடம், சென்சிட்டிவ் ஸ்கின்னுக்காகவே டிசைன் பண்ணது." அந்த ஸ்கிரீன்ஷாட்டை இத்துடன் இணைத்திருக்கிறேன். நான் நிறத்தை மறைத்தோ, தோல் பிரச்சினையைச் சொல்லாமலோ வாங்கவில்லை என்பதற்கு அது ஒன்று போதும்.

பெட்டி வந்தது. உள்ளே இருந்த கையேட்டில் தமிழை விடுங்கள், இந்தி கூட இல்லை. ஆங்கிலமும் சீனமும்தான். பொடி எழுத்தில், கடைசிப் பக்கத்துக்கு முந்தைய பக்கத்தில், ஆறு கட்டங்களில் ஆறு தோல் நிறங்கள் போட்டிருக்கிறீர்கள். முதல் நான்குக்குக் கீழே டிக், ஐந்துக்கும் ஆறுக்கும் கீழே சிவப்பில் பெருக்கல் குறி. அது ஃபிட்ஸ்பேட்ரிக் அளவுகோல் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அந்தப் பெயருடைய அமெரிக்கத் தோல் மருத்துவர் 1975-ல் வகுக்கத் தொடங்கியது. வெயில் படும் என் முன்னங்கை அதில் ஐந்தாவது கட்டம். தமிழ்நாட்டில் ஒரு டவுன் பஸ்ஸில் ஏறிப் பார்த்தால், அதில் இருப்பவர்களில் எத்தனை பேர் உங்கள் டிக் குறிக்குள் வருவார்கள்? இதை 'எல்லா இந்தியத் தோலுக்கும்' என்று விற்க உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

அதே பக்கத்தில் இன்னொரு வரி: கடந்த நான்கு வாரங்களில் வெயில் பட்ட தோலில் பயன்படுத்தக் கூடாது. டூவீலரில் வேலைக்குப் போகிற ஒருத்திக்கு, வெயில் படாத நான்கு வாரம் மதுரையில் எந்த மாதத்தில் வருகிறது என்று கையேட்டில் சேர்த்துப் போட்டிருந்தால் உபயோகமாக இருந்திருக்கும்.

இந்தப் பக்கத்தைப் பார்த்த உடனேயே, கருவியை ஆன் கூடச் செய்யாமல், திருப்பி அனுப்புகிறேன் என்றுதான் உங்களிடம் கேட்டேன். "ஹைஜீன் பிராடக்ட் மேடம், சீல் உடைச்சா ரிட்டர்ன் கிடையாது" என்றார்கள். எச்சரிக்கை இருப்பது சீலுக்கு உள்ளே. சீலை உடைக்காமல் அதைப் படிக்க வழியில்லை. உங்கள் இணையதளத்திலும் அந்தக் கட்டங்கள் இல்லை. என் புகாரின் அடிப்படையே இதுதான். மற்றதெல்லாம் இதிலிருந்து வந்தவை.

பணத்தைத் தர மறுத்த உங்கள் ஊழியரே அப்போது ஒரு சமாதானமும் சொன்னார். கருவியில் 'ஸ்மார்ட் ஸ்கின் சென்சார்' இருக்கிறது, தோலின் நிறத்தை அதுவே பார்த்துக்கொள்ளும், நிறம் அதிகம் என்றால் ஃபிளாஷ் அடிக்காமல் நின்றுவிடும், பயப்படாமல் பயன்படுத்துங்கள் என்றார். விளம்பரத்திலும் அப்படித்தான் இருக்கிறது. சரி என்று, கையேட்டில் படம் போட்டிருந்தபடியே மேல்கையின் உட்புறம் ஒரு இடத்தில் சோதித்துப் பார்த்தேன். ஒரு நாள் காத்திருந்தேன், ஒன்றும் ஆகவில்லை. அங்கே வெயில் படாது, நிறம் குறைவு. எப்படி ஆகும்? நிறம் வேறுபடும் ஒவ்வொரு இடத்திலும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும் என்று உங்கள் கையேட்டில் ஒரு வார்த்தை இல்லை. இதைத் தோல் மருத்துவர்தான் எனக்குச் சொன்னார்.

முன்னங்கையில், இருப்பதிலேயே குறைந்த அளவுக்கு அடுத்ததில் வைத்து அடித்தேன். ஃபிளாஷ் தடையில்லாமல் அடித்தது. இரவுக்குள் மிளகாய் அரைத்த கை மாதிரி எரிய ஆரம்பித்தது. மறுநாள் சிவப்பு, அதன் பிறகு கறுப்பு. கருவியின் கண்ணாடி ஜன்னல் என்ன அளவோ அதே அளவில், ஓரம் கூடப் பிசகாத நீள்சதுரங்கள், முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை ஒன்றன்கீழ் ஒன்றாக. அம்மா பார்த்துவிட்டு, "எவடி உனக்கு இப்படி வரிசையா சூடு வச்சது?" என்றார். நான் வேலை பார்ப்பது வங்கிக் கவுன்ட்டரில். பணம் எண்ணிக் கொடுக்கும்போது எதிரே நிற்பவர்கள் பார்ப்பது என் கையைத்தான். பென்ஷன் வாங்க வரும் பாட்டிகள் சும்மா விடுவார்களா? ஆளாளுக்கு விசாரணை, ஆளுக்கொரு கைவைத்தியம்.

சென்சார் விஷயத்துக்கு வருகிறேன். சந்தேகம் வந்து, கருவியை என் கறுப்பு ஹேண்ட்பேக் மேல் அழுத்தி வைத்துப் பட்டனை அழுத்தினேன். அடித்தது. லேசாகப் பொசுங்கிய வாடையும் வந்தது. கருமையான தோலைக் கண்டால் நின்றுவிடும் என்று சொல்லப்பட்ட சென்சார் கன்னங்கரேல் என்ற பையைக் கண்டும் நிற்கவில்லை. கருவி எதன் மீதாவது அழுந்தியிருக்கிறதா என்று பார்க்கும் சென்சார் மட்டும்தான் அதில் இருப்பதாகத் தெரிகிறது. நிறம் பார்க்கும் சென்சார் ஒன்று இல்லை, அல்லது வேலை செய்யவில்லை. எதுவானாலும் பழுதான பொருள்தான். வீடியோ இணைப்பில் உள்ளது.

அடுத்து, இதை 'லேசர்' என்று பெட்டியில் அச்சடித்திருக்கிறீர்கள். கையேட்டில் மட்டும் ஐ.பி.எல். என்று இருக்கிறது. இரண்டும் வேறு. லேசர் என்பது ஒரே அலைநீளத்து ஒளி, ஐ.பி.எல். பல அலைநீளங்கள் கலந்து பளிச்சென்று அடிக்கும் விளக்கு. இரண்டும் முடியில் இருக்கும் மெலனின் என்ற கறுப்பு நிறமியைச் சூடாக்கித்தான் வேரைப் பாதிக்கின்றன. அதே மெலனின் நம் தோலிலும் இருக்கிறது. எது தோல், எது முடி என்று ஒளிக்குத் தெரியாது. வெள்ளைத் தோலும் கறுப்பு முடியும் உள்ளவர்களுக்குச் சிக்கல் குறைவு. நம் நிறத்துக்கு, தோலின் மேல்மட்டமே சூட்டைப் பிடித்துக்கொள்கிறது. அதனால்தான் நம்மைப் போன்றவர்களுக்கு மருத்துவர்கள் பெரும்பாலும் 1064 நானோமீட்டர் என்டி-யாக் லேசரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த அலைநீளத்தை மெலனின் குறைவாகவே உறிஞ்சும், தோலைக் குளிர்விக்கும் ஏற்பாடும் கூடவே இருக்கும். எனக்கு மருத்துவர் ஐந்து நிமிடத்தில் விளக்கிய இந்த விஷயம், இந்தக் கருவியை விற்கும் உங்களுக்குத் தெரியாது என்று நான் நம்பத் தயாராக இல்லை. தெரிந்ததால்தான் அந்தப் பெருக்கல் குறியைப் போட்டிருக்கிறீர்கள்.

மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, முகப்பருவுக்கு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்பது. டாக்சிசைக்ளின் போன்ற சில மருந்துகள் ஒளிபட்டால் தோலை இன்னும் எரியச் செய்யும். ரெட்டினால் கிரீம் பூசுகிறீர்களா, கர்ப்பமா என்றும் கேட்டார். சாட்டில் உங்கள் ஆள் இதில் ஒன்றையாவது கேட்டாரா? கேட்டதெல்லாம் "இன்னிக்கே ஆர்டர் பண்ணா 10% ஆஃபர், ஓகேவா மேடம்?" என்பதுதான்.

காயத்தைப் படம் எடுத்து அனுப்பியபோது உங்கள் சேவை மையம் சொன்னதையும் பதிவு செய்ய வேண்டும். "அது நார்மல்தான் மேடம், ஸ்கின் அட்ஜஸ்ட் ஆகுது. கற்றாழை ஜெல் போட்டுட்டு, லெவலைக் குறைச்சு கன்டினியூ பண்ணுங்க." தீய்ந்த தோலில் மறுபடி அடிக்கச் சொல்கிறார்கள். அந்தப் பெண்ணின் மேல் எனக்குக் கோபமில்லை, எழுதிக் கொடுத்ததை வாசித்திருப்பார். எழுதிக் கொடுத்தவர் யார் என்றுதான் தெரிய வேண்டும்.

நல்லவேளையாகத் தாடைக்குப் பயன்படுத்தவில்லை. உங்கள் விளம்பரத்தில் பிசிஓடி உள்ள பெண்களின் தாடை முடிக்கு இதைத் தீர்வாகக் காட்டுகிறீர்கள். ஹார்மோன் கோளாறு இருப்பவர்களுக்கு, அதுவும் நம் நிறத்துக்கு, முகத்திலும் கழுத்திலும் இந்த ஒளி பட்ட இடத்தைச் சுற்றி முடி முன்பைவிட அதிகமாக முளைப்பதும் நடக்கும் என்று மருத்துவர் சொன்னார். பூனைமுடியாக இருந்தது தடித்து வளருமாம். கல்யாணப் பேச்சு நடக்கும் வீட்டில் ஒரு பெண்ணுக்கு இப்படி ஆனால் என்ன பாடுபடுவாள் என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் கையேட்டில் இதைப் பற்றி மூச்சே இல்லை.

பெட்டியின் முகப்பில் வட்டமாக எஃப்.டி.ஏ. முத்திரை இருக்கிறது. அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான அது தன் சின்னத்தைத் தனியார் பொருள்களில் போட அனுமதிப்பதில்லை. முடி நீக்கும் லேசர் கருவிகளுக்கு 'நிரந்தரக் குறைப்பு' என்று சொல்லிக்கொள்ள விடுகிறதே தவிர, 'நிரந்தர நீக்கம்' என்று சொல்ல விடுவதில்லை. உங்கள் பெட்டியில் 'வாழ்நாள் முழுக்க முடியே இருக்காது' என்று இருக்கிறது. உண்மையிலேயே அங்கே அனுமதி வாங்கிய கருவி என்றால், கே என்ற எழுத்தில் தொடங்கும் அதன் அனுமதி எண்ணை எனக்கு அனுப்புங்கள்.

'9,99,999 ஃபிளாஷ்' என்ற பெருமையையும் சொல்லாமல் விட முடியவில்லை. வாரம் ஒரு தடவை, தடவைக்கு 500 என்று அடித்தாலும் 38 வருஷம் வரும். வாரண்டி மட்டும் ஒரு வருஷம்.

பெட்டிக்குள் இன்னொரு அட்டையும் இருந்தது: ஐந்து நட்சத்திரம் போட்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால் 500 ரூபாய் கூப்பன். நான் தழும்புப் படத்தோடு ஒரு நட்சத்திரம் போட்டேன். இரண்டே நாளில் அது உங்கள் தளத்திலிருந்து காணாமல் போனது. நான் நம்பி வாங்கிய அந்தப் புகழ்ச்சிகளெல்லாம் எப்படி வந்தவை என்று இப்போது புரிகிறது.

நான் கேட்பது இவைதான். கருவியின் விலை 11,499 ரூபாயும், மருத்துவர் கட்டணம், களிம்பு, சன்ஸ்கிரீன் சேர்த்து இதுவரை ஆன 2,850 ரூபாயும் வேண்டும். தழும்பு மங்கப் பல மாதம் ஆகலாம் என்று மருத்துவர் எழுதியிருக்கிறார். அதுவரை ஆகும் செலவையும் நீங்கள்தான் ஏற்க வேண்டும். கூப்பனாகவோ உங்கள் வாலட்டிலோ வேண்டாம், என் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். அந்த ஆறு கட்டங்களைப் பெட்டியின் வெளிப்புறத்திலும், இணையதளத்தில் 'வாங்கு' பட்டனுக்கு மேலேயும் போட வேண்டும். எச்சரிக்கைகள் தமிழிலும் இருக்க வேண்டும். 'எல்லா இந்தியத் தோலுக்கும்', 'லேசர்' என்ற சொற்களை எடுக்க வேண்டும். நீக்கிய என் விமர்சனம் திரும்ப வர வேண்டும்.

2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் இந்தப் புகார் கிடைத்ததாக ஒப்புகை தரவும், ஒரு மாதத்துக்குள் தீர்வு தரவும் நீங்கள் கடமைப்பட்டவர்கள். சரியான எச்சரிக்கை தராத பொருளால் காயம் ஏற்பட்டால் உற்பத்தியாளர் பொறுப்பு என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன் 84-ஆம் பிரிவு சொல்கிறது. தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு 21-ஆம் பிரிவில் அதிகாரம் உண்டு. உங்கள் பில்லின் அடியில் 'வழக்குகள் டெல்லி நீதிமன்றங்களுக்கு மட்டுமே உட்பட்டவை' என்று போட்டிருக்கிறீர்கள். நுகர்வோர் தான் குடியிருக்கும் ஊரிலேயே புகார் செய்ய அதே சட்டம் இடம் தருகிறது. 5 லட்சம் ரூபாய் வரை விலையுள்ள பொருளுக்குப் புகார்க் கட்டணமும் இல்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகாரைப் பதிவு செய்துவிட்டேன். ஒரு மாதத்துக்குள் பணம் வராவிட்டால் மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு தாக்கலாகும். கருவியை உங்கள் கூரியர் ஆள் வந்து எடுத்துக்கொள்ளலாம், ஆனால் பணம் வந்த பிறகுதான். அதுவரை அது எனக்குச் சாட்சி.

இணைப்பு: பில் நகல், சாட் ஸ்கிரீன்ஷாட், கையேட்டின் பக்கம், கைகளின் படங்கள், ஹேண்ட்பேக் வீடியோ, மருத்துவரின் சீட்டும் ரசீதுகளும், கூப்பன் அட்டையின் படம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
மதுரை.