ஒருவர் தலைவலி மாத்திரை இன்னொருவருக்கு ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் ஒற்றைத் தலைவலிக் கட்டுரையில், செரோடோனின் என்ற வேதிப்பொருள் உடம்பில் குறைவதால்தான் இந்த வலி வருகிறது, வாழைப்பழம் சாப்பிட்டால் அந்தப் பொருள் கூடும் என்று எழுதியிருந்தார்கள். 20 வருடமாக மருந்துக்கடையில் நிற்கும் மருந்தாளுநரான எனக்கு, இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க மனம் வரவில்லை.

வாழைப்பழத்தில் செரோடோனின் இருப்பது உண்மைதான். ஆனால் அது ரத்தத்திலிருந்து மூளைக்குள் போகாது. நம் உடம்பில் இருப்பதிலேயே பத்தில் ஒன்பது பங்கு குடலில்தான் கிடக்கிறது.

சரி, தலைவலிக்கும் செரோடோனினுக்கும் தொடர்பே இல்லையா? இருக்கிறது. 1960 வாக்கில் அதையே ஊசியாக ஏற்றிப் பார்த்தார்கள். வலி தணிந்தது, ஆனால் பக்கவிளைவுகளை நோயாளிகளால் தாங்க முடியவில்லை. செரோடோனின் ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகள் உடம்பெங்கும் 14 வகை இருக்கின்றன. ஊசி எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தட்டி எழுப்பிவிடுகிறது. தலையின் ரத்தக்குழாயில் இருக்கும் ஏற்பியை மட்டும் தொடும் மருந்தைத் தேடி, கிளாக்ஸோ நிறுவனத்தில் பேட்ரிக் ஹம்ஃப்ரியின் குழு 1972-இல் வேலையைத் தொடங்கியது. 1991-இல் ட்ரிப்டான் வகை மருந்தான சுமாட்ரிப்டான் விற்பனைக்கு வந்தது. அது செரோடோனினைக் கூட்டுவதில்லை. அதன் இடத்தில், 1பி, 1டி என்ற ஏற்பிகளில் போய் உட்காருகிறது. விரிந்த குழாய் சுருங்குகிறது. நரம்பு முனையிலிருந்து வலியைக் கிளப்பும் சிஜிஆர்பி என்ற பொருள் கசிவதும் குறைகிறது.

இந்த 1பி இதயத்தின் ரத்தக்குழாயிலும் கொஞ்சம் இருக்கிறது, மாத்திரை அந்தக் குழாயையும் சுருக்கலாம் என்பதைத்தான் கட்டுரை சொல்லியிருக்க வேண்டும்.

போன மாதம் ஓர் அம்மா, கத்தரியால் வெட்டிய அட்டைத் துண்டோடு வந்தார். "பக்கத்து வீட்டு அக்கா கொடுத்தாங்க தம்பி, ஒரே மாத்திரையில எனக்கு வலி விட்டுடுச்சு. எங்க வீட்டுக்காரரும் தலைவலின்னு படுத்திருக்காரு, ஒரு அட்டை கொடுங்க" என்றார். துண்டின் ஓரத்தில் 'ட்ரிப்டான்' என்ற பாதிப் பெயர் மட்டும் மிச்சமிருந்தது. வீட்டுக்காரருக்கு வேறு என்ன மாத்திரை ஓடுகிறது என்று கேட்டேன். பையிலிருந்து எடுத்துக் காட்டிய சீட்டில் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாட்டின் என்று இதய நோயாளிகளுக்குத் தரும் மாத்திரைகள். இதயக் குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்து ஒரு வருடம்தான் ஆகிறதாம். மாத்திரை கொடுக்காமல், உடனே டாக்டரிடம் கூட்டிப்போகச் சொன்னேன். அந்த அம்மாவுக்கு என்மேல் வருத்தம்தான்.

ஒற்றைத் தலைவலிக்குத் தரும் இன்னொரு மருந்தான எர்காட்டமின் கலந்த மாத்திரைக்கும், இதய நோயாளிகளுக்கு இதே எச்சரிக்கை உண்டு. அதையும் ட்ரிப்டானையும் 24 மணி நேரத்துக்குள் சேர்த்துப் போடவே கூடாது. அப்புறம், இந்த இரண்டில் எதையும் மாதத்தில் 10 நாளுக்கு மேல் தொடர்ந்து போட்டுவந்தால், அந்த மாத்திரையே தினசரித் தலைவலியைக் கொண்டுவந்துவிடும். அப்படி வருகிறவர்களை வாரம் தவறாமல் பார்க்கிறேன்.

மாரடைப்பு, பக்கவாதம் வந்தவர்களும், கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம் உள்ளவர்களும் ட்ரிப்டான் போடக்கூடாது என்பதை அடுத்த இதழில் கட்டம் கட்டிப் போடுங்கள். வாழைப்பழத்தை நம்பி எழுதிய அதே பக்கத்தில் போட்டால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்,
கும்பகோணம்.