ஆணியில் ஏறும் செம்பு

அன்புள்ள முரளி,

உன் கடிதம் கிடைத்தது. புது வேலை, மகள் பத்தாம் வகுப்புக்குப் போனது, எல்லாமே நல்ல சேதி. நான் நலம், முழங்கால் வலிதான் விட்டபாடில்லை. சரி, அவள் கேட்ட கேள்விக்கு வருகிறேன்: மயில்துத்தக் (காப்பர் சல்பேட்) கரைசலில் இரும்பு ஆணியைப் போட்டால் செம்பு ஏன் வெளியே வருகிறது?

வினைத்திறன் கூடிய உலோகம் குறைந்ததை இடம்பெயரச் செய்யும் என்று மனப்பாடம் செய்தால் மார்க் கிடைக்கும், விஷயம் பிடிபடாது. கைமாறுவது எலக்ட்ரான். இரும்பு அணு இரண்டு எலக்ட்ரானை விட்டுக்கொடுத்து அயனியாக, அதாவது மின்னூட்டம் உள்ள அணுவாக, கரைசலில் இறங்குகிறது, அந்த இரண்டையும் வாங்கிக்கொண்ட செம்பு அயனி உலோகமாகி ஆணி மேலேயே படிகிறது. சல்பேட் எதிலும் தலையிடாமல் அதுபாட்டுக்கு இருக்கும். கரைசலின் நீலம் செம்பு அயனியால் வந்தது, அதனால் செம்பு குறையக் குறைய நீலம் வெளுத்து இளம்பச்சை தட்டும். 56 கிராம் இரும்பு கரைந்தால் 63.5 கிராம் செம்பு படியும். அதாவது செம்பு உதிராமல் இருந்தால், கரைகிற ஆணியின் எடை கூடும்! இதை அவளையே கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்.

எது எலக்ட்ரானைக் கொடுக்கும், எது வாங்கும் என்பதற்குத்தான் வினைத்திறன் வரிசை, மேலே இருப்பது கீழே இருப்பதற்குக் கொடுக்கும்: மெக்னீசியம், அலுமினியம், துத்தநாகம், இரும்பு, அப்புறம் ஹைட்ரஜன், அதற்குக் கீழே செம்பு, வெள்ளி. செம்புக் கம்பியை வெள்ளி நைட்ரேட்டில் வைத்தால் கம்பியெங்கும் வெள்ளி ஊசி ஊசியாக வளரும், நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் வைத்தால் ஒன்றும் நடக்காது.

அலுமினியத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். இரும்புக்கு மேலே இருந்தும் மயில்துத்தத்தில் அது லேசில் அசையாது, ஏனென்றால் மேலே மெல்லிய ஆக்சைடு படலம் மூடியிருக்கிறது. கொஞ்சம் சாப்பாட்டு உப்பைக் கரைத்துவிட்டால் குளோரைடு அந்தப் படலத்தைக் குலைத்துவிடும், பிறகு கரைசல் சூடாகிச் செம்பு மளமளவென்று படியும். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யட்டும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஆங்கிலேய வேதியியலாளர் டேனியல் 1836இல் செய்த மின்கலம். துத்தநாகத்தை ஒரு பக்கமும், மயில்துத்தத்தில் நிற்கும் செம்பை மறுபக்கமும் வைத்து, நடுவே நுண்துளைத் தடுப்புப் போட்டால், நேராகக் கைமாற வேண்டிய எலக்ட்ரான் வயர் வழியாகச் சுற்றிப் போகிறது, சுமார் 1.1 வோல்ட் கிடைக்கும். வீட்டில் மல்டிமீட்டர் இருந்தால் அவளைச் செய்து பார்க்கச் சொல், எவ்வளவு காட்டியது என்று அவளே எனக்கு எழுதட்டும்.

அன்புடன்,
சேகர்