மனாங்கில் இன்னும் இரண்டு நாள்

அன்புள்ள அம்மிணிக்கு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய பயணக் கணக்கைத் தம்பியிடம் சொல்லி அச்செடுத்து, இரண்டு நாளாகச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன். போனில் நீ கேட்டபோது "சரி, பார்க்கலாம்" என்று மட்டும் சொன்னேன். அப்பா தடுக்கப் போகிறார் என்று நினைத்திருப்பாய். தடுக்கவில்லை, கண்ணு. நேபாளத்தில் அன்னபூர்ணா மலையைச் சுற்றிப் போகும் நடைபாதையை இந்த அக்டோபரில் நடந்தே தீருவேன் என்று நீ சொன்ன இரவு எனக்கும் தூக்கம் வரவில்லை. பாதி பயம், பாதி சந்தோஷம்.

முதலில் பணத்தைப் பேசிவிடலாம். மாதம் 300 சிங்கப்பூர் டாலர் வீதம் எட்டு மாதத்தில் 2,400 டாலர் சேர்ப்பதாக எழுதியிருக்கிறாய். வீட்டுக்கு அனுப்புவது அப்படியே இருக்கிறது, உன் சாப்பாட்டுச் செலவுதான் பாதியாகியிருக்கிறது. அது எனக்குப் பிடிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் இரவு டூட்டி பார்க்கிற பிள்ளை டீயும் பிஸ்கட்டுமாக எட்டு மாதம் ஓட்டிவிட்டு எப்படி மலை ஏறும்? வீட்டுக் கடன் மார்ச்சோடு முடிந்தது. எனக்கு ஓய்வூதியம் வருகிறது. தம்பி படிப்புக்கு இந்த வருஷம் எடுத்து வைத்தாயிற்று. ஜூன் முதல் நான்கு மாதம் வீட்டுக்கு ஒரு காசும் அனுப்பாதே. அம்மாவும் நானும் உட்கார்ந்து பேசித்தான் இதைச் சொல்கிறோம். சிங்கப்பூர் போன இந்த ஏழு வருஷத்தில் உனக்கென்று நீ ஆசைப்பட்டுக் கேட்டது இது ஒன்றுதான். கிரெடிட் கார்டில் தேய்த்துவிட்டுத் திரும்பி வந்து கட்டலாம் என்ற யோசனை மட்டும் வேண்டாம். டிக்கெட்டை முதல் மூன்று மாதச் சேமிப்பிலேயே எடுத்துவிடு.

நீ குறைத்திருக்கும் இடங்களில் சிலது நல்ல யோசனை. தூங்கும் பையையும் பஞ்சுக் கோட்டையும் காத்மாண்டுவில் தமேல் கடைவீதியில் நாள் வாடகைக்கு எடுப்பதாகப் போட்டிருக்கிறாய், சரி. பூட்ஸை மட்டும் வாடகைக்கு எடுக்காதே, அங்கே போய்ப் புதிதாகவும் வாங்காதே. இப்போதே வாங்கி, பையில் எட்டுக் கிலோ அரிசியைப் போட்டுக்கொண்டு உங்கள் அடுக்குமாடிப் படிகளில் ஏறி இறங்கு. அந்த ஊரில் உயரமான மலையே 163 மீட்டர்தானாமே, புக்கிட் தீமா. அதனால் படிதான் உனக்குப் பயிற்சி.

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு நேபாளத்தில் விசா தேவையில்லை. அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதிக்கான அனுமதிச் சீட்டும் மற்ற வெளிநாட்டினருக்கு 3,000 நேபாள ரூபாய், நம் இந்தியா உள்ளிட்ட சார்க் நாட்டினருக்கு 1,000. நீ 3,000 என்று எழுதியிருக்கிறாய், திருத்திக்கொள். நம் ஒரு ரூபாய்க்கு அங்கே 1.60. மேலே ஏற ஏற அட்டையும் ஏடிஎம்மும் நம்பக்கூடியவை அல்ல. ரொக்கத்தைக் கீழேயே மாற்றி, இரண்டு இடத்தில் பிரித்து வை. உயரத்துக்கு ஏற்பச் சாப்பாட்டின் விலையும் ஏறும். கோவேறு கழுதையிலும் ஆள் முதுகிலும் வருகிற அரிசி அல்லவா. பருப்பும் சோறும் வாங்கினால் மறுசோறு போடுவார்கள், வயிற்றுக்கும் கணக்குக்கும் அதுவே நல்லது. தங்கும் விடுதியில் அறை வாடகை குறைவாக இருக்கும், ஆனால் அங்கேயே சாப்பிட வேண்டும். வெந்நீருக்கும் போன் சார்ஜுக்கும் தனிக் காசு. நீ அதைச் சேர்க்கவில்லை.

வழிகாட்டி இல்லாமல் போவதாக எழுதியிருப்பதை அடித்துவிடு. 2023 ஏப்ரல் முதல் நேபாளம் வெளிநாட்டு நடைப்பயணிகளுக்கு வழிகாட்டியைக் கட்டாயமாக்கியது. யாரும் கேட்காவிட்டாலும் நீ ஓர் ஆளை வைத்துக்கொள். கூலி, சாப்பாடு, படுக்கை எல்லாம் சேர்த்து ஒரு நாளுக்கு 75 டாலர் என்று போடு.

இனி நான் சொல்ல வந்த விஷயம். உன் தாளில், நடை முடிந்து தங்கும் போக்ரா நகரத்துக்கு நான்கு நாள் இருக்கிறது. மேலே மலையில் இருக்கும் மனாங் ஊருக்கு ஒரே இரவு. மறுநாள் யாக் கர்கா, அதற்கு மறுநாள் தோரோங் பேடி, விடிகாலையில் தோரோங் லா கணவாய். ஒரு நாள்கூடச் சும்மா இல்லை.

நீ இதுவரை நின்றதிலேயே உயரமான இடம் தொட்டபெட்டா, 2,637 மீட்டர். இரண்டு தொட்டபெட்டாவை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினாலும் தோரோங் லா எட்டாது. அது 5,416. மனாங் சுமார் 3,500 மீட்டரில் இருக்கிறது. 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு ஓர் இரவுக்கும் அடுத்த இரவுக்கும் 500 மீட்டருக்கு மேல் ஏற்றிப் படுக்கக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்தில் தங்க வேண்டும் என்பது நர்ஸான உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் தலைவலியும் குமட்டலும் உனக்கே வரும்போது, "இது சாதாரணம்தான், நாளைக்கு விமானம் இருக்கிறதே" என்றுதான் மனசு சொல்லும். மனாங்கில் ஹிமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷன் நடத்தும் மருத்துவ நிலையத்தில், சீசன் நாட்களில் பிற்பகலில் உயர நோய் பற்றிப் பேசுவார்களாம். தெரிந்த விஷயம்தானே என்று இருந்துவிடாமல் போய் உட்கார்ந்து கேள்.

2009 நவம்பர் மழை உனக்கு நினைவிருக்கும், நீ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாய். நீலகிரியில் மண் சரிந்து எத்தனை வீடுகள் போயின. அன்று மலைப்பாதையில் பர்லியாறு ஊரில் நான் பஸ்ஸை ஓரங்கட்டி நிறுத்திவிட்டேன். மேலே ரோடு இன்னும் மூடவில்லை. "மற்ற வண்டியெல்லாம் போகிறதே, நீ மட்டும் ஏன் நிற்கிறாய்" என்று பயணிகள் கத்தினார்கள். ஒருவர் மறுநாள் இண்டர்வியூ போச்சு என்று அழுதார். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. இரவு முழுக்க வண்டியிலேயே இருந்தோம். விடிந்ததும் பார்த்தால் மூன்றாவது வளைவில் பாதி ரோட்டைக் காணோம். அந்த ஒரு நாளை என் கையில் யாரும் கொடுக்கவில்லை, அம்மிணி. நானாக எடுத்துக்கொண்டேன்.

2014 அக்டோபரில் ஹுட்ஹுட் புயல் விசாகப்பட்டினத்தில் கரை ஏறியது. நம் வங்காள விரிகுடாவில் வலுத்த புயல்தான். இரண்டே நாளில் அதன் மிச்சம் தோரோங் லாவில் பனியாகக் கொட்டியது. சீசன் உச்சம், வானம் தெளிவாக இருக்கிற மாதம் என்று நம்பிப் போனவர்கள் கணவாயில் மாட்டிக்கொண்டார்கள். அந்தப் பகுதியில் நாற்பது பேருக்கு மேல் இறந்தார்கள். நீ போகிற அதே மாதம். அதனால் மனாங்கை விட்டுக் கிளம்பும் முன் வங்கக் கடலில் என்ன நடக்கிறது என்று பார். நானும் இங்கே தினம் பார்த்துச் சொல்கிறேன்.

ஆகவே போக்ராவுக்கு ஒரு நாள் போதும். மீதி மூன்றில் இரண்டை மனாங்கில் கூட்டு. ஒரு நாளுக்கு எந்த ஊர்ப் பெயரையும் எழுதாதே. அப்புறம் இந்த மூன்று நாளுக்கான 225 டாலரைத் தனிக் கவரில் போட்டு, மேலே "நிற்கிற நாள்" என்று எழுதி வை. அங்கே தங்கலாமா வேண்டாமா என்று நீ யோசிக்கும்போது காசு குறுக்கே வரக் கூடாது. போக்ரா பக்கத்தில் சாரங்கோட்டில் பாராகிளைடிங் போகும் ஆசையை விடச் சொல்லவில்லை. போக்ராவில் இருக்கும் அந்த ஒரு நாளில் வானம் சரியாக இருந்தால் பற.

காப்பீடு எடுக்கும்போது விலையைப் பார்க்காதே, உயரத்தைப் பார். பல பாலிசிகள் 3,000, 4,000 மீட்டரோடு நின்றுவிடும். ஹெலிகாப்டர் மீட்பும், 5,416-க்கு மேலான உயரமும் எழுத்தில் இருக்க வேண்டும். பாராகிளைடிங்கையும் கேட்டுக்கொள். உங்கள் ஆஸ்பத்திரி தருகிற காப்பீடு போதும் என்று நினைத்துவிடாதே.

காத்மாண்டுவிலிருந்து, நடை தொடங்கும் பெசிசஹருக்கு இரவு வண்டி வேண்டாம். 2024 ஜூலையில் முக்லிங் பக்கம் விடிவதற்கு முன் நிலச்சரிவு இரண்டு பேருந்துகளைத் திரிசூலி ஆற்றில் தள்ளியதைப் படித்தேன். முப்பது வருஷம் மலைப்பாதையில் ஓட்டியவன் சொல்கிறேன், பகல் வண்டிக்குக் காசு கூடக் கொடு. நம் நவராத்திரி நாளில் அங்கே தசைன். ஊர் முழுக்கச் சொந்த ஊருக்குக் கிளம்பும், சீட்டு கிடைக்காது. நாளைக் குறிக்கும் முன் பஞ்சாங்கத்தைப் பார்த்துவிடு.

கணவாயைத் தாண்டி இறங்கினால் முக்திநாத் என்று தெரிந்ததும் அம்மாவுக்குக் கால் தரையில் இல்லை. 108 திவ்ய தேசங்களில் ஒன்று, அங்கே 108 நீர்த்தாரைகள் விழுகின்றன. ஒரு சின்னப் பாட்டில் தண்ணீர் கேட்கிறாள். விமானத்தில் கைப்பையில் வைக்காமல் பெரிய பைக்குள் போடு. உனக்காகக் கம்பளித் தொப்பி பின்னவும் உட்கார்ந்துவிட்டாள். தலைச் சுற்றளவை சென்டிமீட்டரில் அளந்து இந்த வாரத்துக்குள் அனுப்பு. திருத்திய கணக்குத் தாளையும் அதோடு அனுப்பு.

அன்புடன்,
அப்பா
மேட்டுப்பாளையம்